செல்போன் மூளையைக் காக்கிறதா?

செல்போனில் வழக்கமாகப் பேசுகிறவர்களுக்கு க்ளையோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு, பேசாதவர்களைவிட 19 சதவீதம் குறைவு. வேடிக்கையல்ல, 2010இல் வெளியான ‘இன்டர்ஃபோன்’ ஆய்வில் இந்தக் கணக்கு இருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் ஒருங்கிணைப்பில், 13 நாடுகளில், 2,708 க்ளையோமா நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு அது. செல்போன் மூளைக்குக் கவசம் என்று ஆய்வாளர்களே நம்பவில்லை. ஆய்வில் எங்கோ குறை என்றார்கள். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது: மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களுக்கு 40 சதவீதம் அதிக வாய்ப்பு. மக்களைப் பயமுறுத்தியது இதுதான். ஒரே கேள்வித்தாளில் பிறந்த இரண்டு எண்களில் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் எப்படி நம்புவது?

முதல் எண்ணின் கதை எளிது. நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாதவர்களையும் அழைத்தார்கள்; ஏறத்தாழப் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களில் 69 சதவீதம் பேர் வழக்கமாகச் செல்போன் பேசுகிறவர்கள். வர மறுத்தவர்களில் சிலரிடம் ஒரு சின்னக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தபோது 56 சதவீதம்தான். செல்போன் இல்லாதவர் ‘இதில் நமக்கென்ன வேலை’ என்று ஒதுங்கிவிட்டார். நோயில்லாதவர்கள் எல்லோரும் செல்போனும் கையுமாக இருப்பதுபோல் கணக்கு சாய்ந்தது. அந்த 19 சதவீதத்தில் ஏறத்தாழப் பாதிக்கு இதுவே காரணமாகலாம் என்பது ஆய்வுக்குழுவின் மதிப்பீடு.

இரண்டாவது எண் நினைவை நம்பி நின்றது. பல வருடங்களுக்கு முன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டால் யாரால் சரியாகச் சொல்ல முடியும்? தொலைபேசி நிறுவனப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, பேசிய நேரத்தை மக்கள் சராசரியாக 40 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தது தெரிந்தது. எல்லோரும் ஒரேமாதிரி கூட்டினால் பாதகம் குறைவு. ஆனால் காலத்தில் பின்னோக்கிப் போகப் போக, நோயாளிகளின் மிகைதான் வளர்ந்தது. ‘எனக்கு ஏன் வந்தது’ என்று தவிக்கிறவரின் மனம் காரணத்தைத் தேடாமல் இருக்குமா? தினமும் 12 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள்! பிழைகளும் சாய்வுகளும் இருப்பதால் செல்போன்தான் காரணம் என்று சொல்ல முடியாது எனக் கட்டுரையாளர்களே எழுதியும், 2011இல் செல்போன் கதிர்வீச்சு ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற, அதே முகமையின் 2பி பட்டியலில் ஏறியது. அந்த முடிவுக்கு இன்டர்ஃபோன் ஒரு முக்கியத் தூண்.

‘ஆபத்தே இல்லை’ என்பவர்கள் காட்டும் டென்மார்க் ஆய்வும் யோக்கியமில்லை. 1995 வரை சந்தா எடுத்தவர்களை நிறுவனப் பதிவிலிருந்தே எடுத்ததால் அதில் நினைவுப் பிழை கிடையாது. ஆனால் அலுவலகத்தின் பெயரில் இணைப்பு வைத்திருந்த இரண்டு லட்சம் சந்தாதாரர்களை ஆள் தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அதிகம் பேசியவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் போய்ச் சேர்ந்தது ‘செல்போன் இல்லாதவர்’ கணக்கில். 1995க்குப் பிறகு செல்போன் வாங்கியவர்களும் அங்கேதான். இப்படிக் கலந்தபின் வித்தியாசம் எங்கே தெரியும்?

இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தவிர்க்கவே ‘காஸ்மாஸ்’ ஆய்வு 2007இல் தொடங்கியது. நோய் வந்தபின் கேட்கவில்லை. நலமாக இருந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஐரோப்பாவில் முன்கூட்டியே சேர்த்து, அவர்கள் சொன்ன நேரத்தை நிறுவனப் பதிவுகளைக் கொண்டு திருத்தினார்கள். 2024இல் வந்த முடிவு: அதிகம் பேசியவர்களுக்கு மூளைக்கட்டி கூடவில்லை. கண்காணித்த காலத்தில் க்ளையோமா வந்தவர்கள் 149 பேர்தான் என்பதால் மிகச் சிறிய ஆபத்து இருந்தால் இதிலும் சிக்காது. ஆனாலும் இன்று நம்மிடம் இருப்பதில் நேர்மையாக அளக்கப்பட்டது இதுதான். அடுத்தமுறை ‘செல்போனால் புற்றுநோய்’ என்றோ ‘பயமே வேண்டாம்’ என்றோ செய்தி வந்தால், பேசிய நேரத்தை எப்படி அளந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற இரண்டு வரிகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.