படைத்தலைவர்களின் மனம் படித்த ஜியா ஷூ

ஹான் பேரரசு கி.பி. 220இல் முறைப்படி முடிவுக்கு வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே சீனம் படைத்தலைவர்கள் பலரின் கைகளில் சிதறிக் கிடந்தது. பேரரசரின் பெயரைச் சொல்லிக்கொண்டே தமக்கெனப் படையும் நிலமும் வைத்திருந்த அவர்கள், வாளேந்தும் தளபதிகளை நாடியது போலவே, உடனிருந்து சூழ்ச்சி உரைக்கும் ஆலோசகர்களையும் நாடினர். அவ்வகை ஆலோசகர்களுள் ஒருவரான ஜியா ஷூ, தலைவர்கள் பலரிடம் அடுத்தடுத்துப் பணியாற்றி, அவர்களுள் பலர் அழிந்த பின்னும் தாம் அழியாமல் 223இல் முதுமை எய்தி இறந்தார்.

மேற்கு எல்லைப்புறமான ஊவெய் பகுதியில் 147இல் பிறந்த அவர், 189இல் அப்போதைய தலைநகரைக் கைப்பற்றிய டோங் ஜுவோவின் படையில் அதிகாரியாக இருந்தார். 192இல் டோங் ஜுவோ கொல்லப்பட்டதும், லி ஜுவே முதலிய அவனுடைய தளபதிகள் படையைக் கலைத்துவிட்டு ஊர் திரும்ப எண்ணியபோது, தனியே ஓடுபவரைச் சிற்றூர்க் காவலன்கூடப் பிடித்துவிடுவான் என்றும், தலைநகர் சாங்ஆனைத் தாக்குவதே மேல் என்றும் ஜியா ஷூ எடுத்துரைத்தார். நகரம் வீழ்ந்தது, மக்கள் பெருந்திரளாக மாண்டனர். லி ஜுவே பட்டம் அளிக்க முன்வந்தபோது, உயிர் காக்கச் சொன்ன யோசனைக்குப் பாராட்டு எதற்கு என்று அவர் மறுத்துவிட்டார்.

பின்னர் அவர் அடைந்த தலைவர் ஜாங் ஷியூ. வட சீனத்தின் வலிமைமிக்க தலைவரான சாவ் சாவ், 198இல் ஜாங் ஷியூவின் மீதான முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கியபோது, ஜியா ஷூ தடுத்தும் கேளாமல் துரத்திச் சென்ற ஜாங் ஷியூ தோற்றுத் திரும்பினார். உடனே மீண்டும் துரத்துமாறு ஜியா ஷூ சொல்ல, அதே தோற்ற படையைக் கொண்டு அவர் வென்றார். முதலில் சாவ் சாவ் தாமே பின்னணிப் படையைக் காப்பார், வென்றதும் அப்பொறுப்பைப் பிறரிடம் விட்டு விரைவார், அப்பிறரோ ஜாங் ஷியூவுக்கு ஈடாகமாட்டார்கள் என்பதே ஜியா ஷூவின் கணக்கு. படைகளின் எண்ணிக்கையைவிட அவற்றை நடத்துபவரின் மனத்தை அளந்ததே அவருடைய தனித்திறன்.

அதற்கு இன்னும் தெளிவான சான்று 199இல் கிடைத்தது. சாவ் சாவின் மூத்த மகன், 197இல் ஜாங் ஷியூ நடத்திய திடீர்த் தாக்குதலில் இறந்திருந்தான். அப்படியிருந்தும், பெரும்படை வைத்திருந்த யுவான் ஷாவை விடுத்துச் சாவ் சாவிடமே சரணடையுமாறு ஜியா ஷூ வற்புறுத்தினார். படை குறைந்தவர் புதிதாக வருவோரை மதிப்பார், நாடாளும் நோக்கமுடையவர் சொந்தப் பகையைப் பாராட்டார் என்று அவர் கருதியது பொய்க்கவில்லை.

சாவ் சாவிடம் சேர்ந்த பிறகு அவருடைய நடத்தை மாறியது. பழைய ஊழியர் அல்லாத தம்மீது ஐயம் எழக்கூடும் என்று அஞ்சி, வீட்டுக் கதவை அடைத்து வாழ்ந்தார். பிள்ளைகளுக்குப் பெருங்குடிகளில் சம்பந்தம் தேடவில்லை. எந்த மகனை வாரிசாக்கலாம் என்று சாவ் சாவ் கேட்டபோது முதலில் வாய் திறவாதிருந்து, பிறகு யுவான் ஷாவையும் லியூ பியாவையும் நினைத்துக்கொண்டிருந்ததாக மட்டும் சொன்னார். இருவருமே மூத்த மகனை ஒதுக்கிக் குடி கெட்டவர்கள். இளவரசுப் பட்டம் 217இல், எஞ்சிய மகன்களுள் மூத்தவரான சாவ் பிக்குக் கிட்டியது. அவர் 220இல் பேரரசரானதும், மூன்று உயர் அமைச்சுப் பதவிகளுள் ஒன்றை ஜியா ஷூவுக்கு அளித்தார்.

அக்கால வரலாற்றை எழுதிய சென் ஷோவ், நேர்மைக்குப் பெயர்பெற்ற ஷுன் யூவுடன் ஒரே அத்தியாயத்தில் ஜியா ஷூவையும் வைத்தார். ஐந்தாம் நூற்றாண்டில் அந்நூலுக்கு உரை வகுத்த பேய் சோங்ஷி அதை ஏற்காமல், சாங்ஆனின் அழிவுக்கு ஜியா ஷூவே காரணம் என்று கடிந்தெழுதினார். அந்நகரத்து மக்களின் பக்கம் நின்று பார்த்தால், பேய் சோங்ஷியின் தீர்ப்பே நியாயமானது.