அமெரிக்காவில் போலீஸ் அதிகாரிக்கும் ஓட்டு! - ஷெரீஃப் தேர்தலில் வாக்காளர் கவனிக்க வேண்டியது என்ன?

நம்மூரில் மாவட்ட எஸ்.பி யார் என்பதை அரசாங்கம் முடிவு செய்கிறது. அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் இதுதான் நடைமுறை. அங்குள்ள 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகளில் பெரும்பாலானவற்றில் ஷெரீஃப் என்ற காவல் அதிகாரி, தேர்தலில் நின்று ஜெயித்துத்தான் பதவிக்கு வருகிறார்.

'ஷெரீஃப்' நமக்கும் புதிய வார்த்தை இல்லை. மெட்ராஸிலும் பிரிட்டிஷ் காலம் தொட்டு 1990-களின் இறுதிவரை ஷெரீஃப் இருந்தார். ஆனால், கடைசிக் காலத்தில் அது நகரப் பிரமுகர்களுக்குத் தரப்பட்ட வெறும் கௌரவப் பதவி. அமெரிக்க ஷெரீஃப் அப்படியல்ல. அவர் கையில் துப்பாக்கியும் இருக்கிறது, சிறைச்சாவியும் இருக்கிறது.

என்ன அதிகாரம்?

நகரங்களுக்குத் தனியாக போலீஸ் துறை உண்டு. அதன் தலைவரை மேயரோ நகர நிர்வாகமோ நியமிக்கும், தேவைப்பட்டால் நீக்கும். நகர எல்லைக்கு வெளியே இருக்கும் பகுதிகளில் ரோந்து போவது பெரும்பாலும் ஷெரீஃபின் ஆட்கள்தான். அவர்களை 'டெபுட்டி' என்பார்கள். நீதிமன்றப் பாதுகாப்பும் பல இடங்களில் இவர்கள் பொறுப்பு. சம்மன் கொடுப்பது, வீட்டைக் காலி செய்யும் உத்தரவை நிறைவேற்றுவது என நம்மூர் கோர்ட் அமீனாவின் வேலையும் இவர்களுடையதே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கவுன்டி சிறை. பெரும்பாலான இடங்களில் அதை நடத்துவது ஷெரீஃப்தான். அங்கே இருப்பவர்களில் பெரும்பான்மையினர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். அவர்களுக்கு மருந்து சரியாகக் கிடைக்கிறதா, தற்கொலை முயற்சிகள் தடுக்கப்படுகின்றனவா, யாராவது அடிக்கிறார்களா என்பதெல்லாம் ஷெரீஃபின் நிர்வாகத்தைப் பொறுத்தது.

தவறான தேர்வின் விலை

அரிசோனாவின் மரிகோபா கவுன்டியில் ஜோ அர்பாயோ 24 ஆண்டுகள் ஷெரீஃபாக இருந்தார். பாலைவன வெயிலில் கூடாரம் அடித்துக் கைதிகளை அடைத்தது அவரைப் பிரபலமாக்கியது. ஓட்டும் விழுந்தது. ஆனால், லத்தீன் இன மக்களை இனம் பார்த்து நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று 2013-ல் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 தேர்தலில் அவர் தோற்றார். அடுத்த ஆண்டு நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் குற்றவாளி என அறிவிக்கப்பட்டார். அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கியதால் தண்டனையிலிருந்து தப்பினார். அவர் போன பிறகும் அந்த வழக்கின் செலவு கவுன்டி மக்களின் வரிப்பணத்தில்தான் விழுந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் நான்கு முறை ஜெயித்த லீ பாக்கா, சிறையில் கைதிகள் தாக்கப்பட்டது குறித்த எஃப்.பி.ஐ விசாரணையைத் தடுத்ததற்காக 2017-ல் மூன்றாண்டு சிறைத்தண்டனை பெற்றார். கைதிகளைக் காக்க வேண்டியவரே கைதியானார்.

நீக்குவது எளிதல்ல

ஷெரீஃப் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதால், பிடிக்கவில்லை என்று கவுன்டி நிர்வாகம் அவரைச் சாதாரணமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஃப்ளோரிடாவில் ஆளுநருக்கு இடைநீக்கம் செய்யும் அதிகாரம் உண்டு. 17 பேர் உயிரிழந்த பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 2019-ல் ப்ரோவர்ட் கவுன்டி ஷெரீஃப் அப்படித்தான் இடைநீக்கம் செய்யப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில், மேற்பார்வையாளர் குழுவின் ஐந்து பேரில் நான்கு பேர் சம்மதித்தால், தகுந்த காரணத்தின் பேரில் ஷெரீஃபை நீக்கலாம் என்ற விதிக்கு 2022-ல்தான் மக்கள் ஒப்புதல் அளித்தார்கள். மற்றபடி பல இடங்களில் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும். பதவிக்காலம் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். மாசசூசெட்ஸில் ஆறு!

தமிழர்களுக்கும் தொடர்பு உண்டு

வடக்கு கரோலினாவின் வேக் கவுன்டியில், கேரி, மோரிஸ்வில் போன்ற ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வசிக்கின்றன. சிறைக்கு வருபவர்களின் குடியேற்ற நிலையை சிறை ஊழியர்களே ஆராய வழி செய்யும் 287(ஜி) ஒப்பந்தம் அங்கு அமலில் இருந்தது. 2018 தேர்தலில் ஷெரீஃப் மாறினார், அந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. 2024-ல் மாநில சட்டமன்றம், குடியேற்றத் துறையுடன் ஷெரீஃப்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. வேட்பாளரின் வாக்குறுதியைக் கேட்கும்போது, அது அவர் கையில் இருக்கும் விஷயம்தானா என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கிரீன் கார்டு இருந்தாலும் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. குடியுரிமை பெற்றவர்களுக்கே வாக்குரிமை.

ஓட்டுக்கு முன் நான்கு கேள்விகள்

1. கவுன்டி சிறையில் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள்? அதைத் தடுக்க வேட்பாளர் என்ன செய்வார்?

2. டெபுட்டிகள் மீதான புகாரை யார் விசாரிப்பார்கள்? வெளியாட்களின் கண்காணிப்புக்கு அவர் சம்மதிக்கிறாரா?

3. பெரிய துறையை, பட்ஜெட்டை நிர்வகித்த அனுபவம் இருக்கிறதா? தகுதி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

4. போட்டி எப்போது? ஒரே கட்சி வலுவாக உள்ள கவுன்டியில், உட்கட்சித் தேர்தலிலேயே முடிவு தெரிந்துவிடும். நவம்பரில் போய் நின்றால் சீட்டில் ஒரே பெயர்தான் இருக்கும்.

அமெரிக்க வாக்குச்சீட்டில் அதிபர், செனட்டர் பெயர்கள் மேலே இருக்கும். ஷெரீஃப் பெயர் கீழே எங்கோ இருக்கும். கை வலிக்கிறது என்று பலர் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால், நள்ளிரவில் உதவி கேட்டுக் கூப்பிட்டால் கதவைத் தட்டப்போவது அதிபர் அல்ல, ஷெரீஃபின் ஆட்கள்தான்!