வண்டி நிற்கும் இடத்துக்கு அப்பால்

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் சாலைகள் பிரிகின்றன. சுற்றுலா வந்தவருக்கு அது ஏரிக்குப் போகும் வழி. எஸ்டேட் லைன் வீடுகளிலும் மலைக்கிராமக் குடிசைகளிலும் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு: தீப்பிடித்தால் சிவப்பு வண்டி எந்தச் சாலையில் திரும்பும், எதுவரை வரும்?

சென்னையில் 1908-ல் தொடங்கியது தீயணைப்புப் பணி. இன்று மாநிலம் முழுக்க இயங்கும் துறைக்குத் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம், 1985 அடிப்படை. கிணற்றில் விழுந்தவரை, வெள்ளத்தில் சிக்கியவரை மீட்பதும் இவர்கள் வேலைதான். வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்கவும் இவர்களைத்தான் கூப்பிடுகிறோம். 101 அல்லது 112-ஐ அழைக்கலாம். தீயணைக்கக் கட்டணம் கிடையாது.

ஆனால் வண்டி சாலை உள்ள மட்டும்தான் வரும். சேலத்திலிருந்து கூடுதல் வண்டி வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வண்டியில் உள்ள சில ஆயிரம் லிட்டர் தண்ணீர் முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நம் தெருக்களோ பல ஊர்களில் ஊருக்குக் கடைசியில், ஒற்றையடிப் பாதை முனையில் இருக்கின்றன. சேரியை ஒதுக்கி வைத்தவர்கள் தண்ணீரையும் சாலையையும் சேர்த்தே ஒதுக்கினார்கள்.

தீ நமக்கு வெறும் விபத்தாக மட்டும் வந்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பக்கத்து மாவட்டமான தருமபுரியில், 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதில் சாம்பலாயின.

அதனால் தீ அணைந்த பிறகு செய்ய வேண்டியதும் முக்கியம். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கை கேட்டு வாங்குங்கள். விபத்து என்றால் தாசில்தாரிடம் நிவாரணத்துக்கு மனு கொடுங்கள். தீ, பேரிடர் நிவாரண நிதிக்குள் வரும் ஒன்று. யாராவது வைத்த தீ என்றால் காவல் நிலையப் புகாரில் அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் குடியிருக்கும் வீட்டை அந்தப் பிரிவைச் சேராத ஒருவர் வேண்டுமென்றே கொளுத்தினால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஆயுள் தண்டனை உண்டு. எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசு தன் செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித்தர வேண்டும் என்கின்றன 1995 விதிகள். மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் இது பொருந்தும். பணம் கொடுத்துச் சமாதானம் பேச வருபவர்கள் இந்த விதியைச் சொல்ல மாட்டார்கள்.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை. சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், பட்டா, குடும்ப அட்டை எல்லாவற்றையும் படமெடுத்து, வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருக்கும்படி செய்யுங்கள். 101-க்குப் பேசும்போது எஸ்டேட் பெயர், ஒண்டிக்கடையிலிருந்து எந்தச் சாலை, வண்டி கடைசியாக நிற்கக்கூடிய இடம், அருகில் கிணறோ தொட்டியோ உண்டா என்று சொல்லப் பழகுங்கள். பதற்றத்தில் பெரியவர்களுக்கு ஊர்ப் பெயர்கூட வராது.

அந்த வண்டியில் ஏறிப் போகும் வேலையும் நமக்கு உண்டு. தீயணைப்பாளர் பணிக்கு 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வோடு சேர்த்தே சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1 சதவீதம். உயரமும் மார்பளவும் பார்ப்பார்கள், ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். மலையில் வளர்ந்த கால்களுக்கு ஓட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை; எழுத்துத் தேர்வுக்குத்தான் இப்போதே உட்கார வேண்டும்.