சின்ன கார், பின்னாடி ஒரு குட்டி வீடு: போடிமெட்டு ஏறுமா?

பொங்கல் லீவுக்கு சின்னமனூர் போயிருந்தப்ப சித்தப்பா போன்ல ஒரு வீடியோ காட்டினார். ஏதோ ஒரு ஐரோப்பிய நாடு. நம்ம ஊர் ஹேட்ச்பேக் சைஸ்ல ஒரு கார், அதுக்குப் பின்னாடி வெள்ளை முட்டை மாதிரி ஒரு குட்டி கேரவன். உள்ளே ரெண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு டாய்லெட்.

"ஏப்பா, நீ மெக்கானிக்கல் தானே? நம்ம கார் இதை இழுக்குமா, இழுக்காதா? அதை மட்டும் சொல்லு."

இது சும்மா ஆசை இல்லை. அப்பத்தா சின்ன வயசுல தேவிகுளம் பக்கம் எஸ்டேட்ல இருந்தவங்க. இப்போ ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு. தரையில உட்கார முடியாது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை டாய்லெட் போகணும். "சாகுறதுக்குள்ள ஒரு தடவ மூணாறு பாத்துரணும்டா"ன்னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க. டாய்லெட்டும் படுக்கையும் கூடவே வந்துட்டா பிரச்சனை தீர்ந்துச்சு, இதுதான் சித்தப்பா கணக்கு.

அதனால நானும் பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். நாலு வருஷம் படிச்சதுல வீட்டுக்கு உபயோகமான முதல் கேள்வி இதுதான்னு நினைக்கிறேன்.

நாலு பேரோட கார் 1200 கிலோ, டிரெய்லர் 500 கிலோன்னு வச்சுக்குவோம். மொத்தம் 1700. போடி சுமார் 350 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்கிருந்து போடிமெட்டு வரைக்கும் ஏறுறது தோராயமா 1000 மீட்டர். 8 சதவீத ஏற்றத்துல 20 கிலோமீட்டர் வேகத்துல போகணும்னா, டயர் உராய்வையும் சேர்த்து சுமார் 9 கிலோவாட் போதும். அதாவது 12 குதிரைத்திறன். உயரத்துல காற்று அடர்த்தி குறையும், டர்போ இல்லாத எஞ்சின் மேலே போகப் போக பத்து பன்னிரண்டு சதவீதம் பவரை இழக்கும். அப்பவும் 70 குதிரைத்திறன் காருக்கு 12 பெரிய விஷயமே இல்லை. டிரெய்லரை மட்டும் 1000 மீட்டர் மேலே தூக்க ஆகிற ஆற்றல் 4.9 மெகா ஜூல், பெட்ரோல்ல அரை லிட்டரை விடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்!

"அப்ப இழுக்கும்னு சொல்லு"ன்னு சித்தப்பா எழுந்துட்டார். நான்தான் உட்கார வச்சேன். ஏன்னா ஏறினது இறங்கணுமே.

அதே 1700 கிலோ அதே 1000 மீட்டர் கீழே வரும்போது 16.7 மெகா ஜூல் எங்கேயாவது போயாகணும். இது எவ்வளவுன்னு புரியணும்னா, மூணு குடத்துக்கும் மேல, அதாவது 55 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு. கொஞ்சம் டயர்ல போகும், கொஞ்சம் காத்துல போகும். மீதி எல்லாம் எஞ்சின் பிரேக்கிங், இல்லன்னா நம்ம முன் சக்கரத்து டிஸ்க். ரெண்டாவது கியர்லயே இறங்கினா எஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கும். நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பண்ற ஆளுங்க இருக்காங்க பாருங்க, அவங்க இந்தக் கட்டுரையை ரெண்டு தடவை படிக்கணும். பிரேக் ஃப்ளூயிட் கொதிச்சு உள்ளே ஆவி உண்டாச்சுன்னா, பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது, அதுதான் காரணம்.

கார் கம்பெனி அந்த பிரேக்கை டிசைன் பண்ணது காருக்கும் அதுல உட்கார்றவங்களுக்கும். பின்னாடி தொங்குற 500 கிலோவுக்கு இல்லை. அதனால டிரெய்லருக்கே பிரேக் இருக்கணும். வெளிநாட்டு கேரவன்கள்ல ஓவர்ரன் பிரேக்னு ஒண்ணு இருக்கு. கார் மெதுவானதும் டிரெய்லர் முன்னாடி வந்து முட்டப் பார்க்கும்ல, அந்த முட்டுற விசையே ஒரு தண்டை உள்ளே தள்ளி டிரெய்லர் சக்கரத்துல பிரேக் போடும். கரண்டும் வேணாம், டியூபும் வேணாம். எனக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நீளமான இறக்கத்துல டிரெய்லர் முட்டிக்கிட்டே இருக்கும், பிரேக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கும், சூடேறும். ஐரோப்பாவுல 750 கிலோ வரைக்கும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அனுமதி உண்டு. நம்ம மலை ரோட்டுக்கு 500 கிலோவுக்கே பிரேக் வேணும்னு நான் சொல்வேன்.

அடுத்தது, இதை விட பயமான விஷயம்: ஆட்டம். டிரெய்லர் வாலாட்டுறது.

இதை நான் விளக்க ஆரம்பிச்சப்ப அப்பத்தா கட்டில்ல இருந்தே ஒரு வரி சொன்னாங்க. "பின்பாரம் ஆச்சுன்னா வண்டி குடை சாயும்டா. முன்பாரம் கொஞ்சம் இருக்கணும், மாட்டுக் கழுத்துல லேசா அழுத்தணும்." எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை. ரெண்டு சக்கர மாட்டு வண்டியும் சிங்கிள் ஆக்ஸில் டிரெய்லரும் ஒண்ணுதான். நுகத்தடி இருக்கிற இடத்துல டோ பால், மாடு இருக்கிற இடத்துல கார். வெளிநாட்டு மேனுவல்ல டிரெய்லர் எடையில சுமார் 10 சதவீதம் கொக்கி மேல இறங்கணும்னு போட்டிருக்கிறது அப்பத்தா சொன்ன அதே முன்பாரம்தான்.

பின்பாரம் ஏன் ஆபத்து? டிரெய்லரோட எடை மையம் அதோட சக்கரத்துக்குப் பின்னாடி போயிடுச்சுன்னா, சின்னதா ஒரு பக்கம் திரும்பினாலும் அந்த எடை திருப்பத்தை இன்னும் கூட்டிவிடும். கொக்கி காரோட பின் சக்கரத்துக்கும் பின்னால இருக்கிறதால, டிரெய்லர் இடது பக்கம் தள்ளினா காரோட பின்பக்கம் இடது பக்கம் போகும், மூக்கு வலது பக்கம் திரும்பும். அது மறுபடி டிரெய்லரை இழுக்கும். மெதுவாப் போறப்ப டயர் பிடிப்பு இந்த ஆட்டத்தை அடக்கிடும். வேகம் கூடக் கூட அடக்குற சக்தி குறையும், ஒரு வேகத்துல பூஜ்யம் ஆகும். அதுக்கு மேல ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெருசு. இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துல ஜாஸ் டார்லிங் குழு இதைச் சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க. மொத்த எடை மட்டும் இல்லை, எடை எப்படிப் பரவியிருக்குங்கிறதும் முக்கியம். கனமான சாமானை ரெண்டு ஓரத்துலயும் வச்சா சராசரி சரியா வந்தாலும் ஆட்டம் கூடும். நடுவுல, சக்கரத்துக்கு மேல வைக்கணும்.

சித்தப்பா நம்பலை. சரி, செஞ்சே பார்த்துருவோம்னு அவரோட நண்பர் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்துக்குள்ள தண்ணி டேங்க் இழுக்குற ரெண்டு சக்கர டிரெய்லர், காலியா சுமார் 200 கிலோ. 50 கிலோ டிஏபி மூட்டை ஆறு ஏத்தினோம், ஆக மொத்தம் 500. கொக்கிக்குக் கீழே ஒரு கட்டை, கட்டைக்குக் கீழே வீட்டு வெயிட் மெஷின். 45 கிலோ காட்டுச்சு. பழைய ஜீப்ல மாட்டி தோட்டத்து மண் ரோட்டுல ஓட்டினோம், நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே வந்துச்சு. அப்புறம் முன்னாடி இருந்த ஒரே ஒரு மூட்டையைத் தூக்கிப் பின் ஓரத்துல போட்டோம். மெஷின்ல 15. சித்தப்பாதான் ஓட்டினார், நான் வெளியே நின்னு வீடியோ எடுத்தேன். 40 தொடும்போது டிரெய்லர் ஆட ஆரம்பிச்சுது. அவர் பதறி பிரேக்கை மிதிச்சார். ஆட்டம் டபுள் ஆச்சு. ஒரு தென்னை மரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. தப்பு என் மேலதான். ஆடினா என்ன பண்ணணும்னு முதல்ல சொல்லாம வண்டியை மட்டும் ஆட வச்சுட்டேன்.

நீங்களாவது தெரிஞ்சு வச்சுக்கோங்க: ஆடினா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்கணும், ஸ்டியரிங்கை நேரா இறுக்கிப் பிடிக்கணும். ஓங்கி பிரேக் கூடாது, வேகமாப் போயி நேர் பண்றேன்னும் கூடாது, எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி அடிக்கவும் கூடாது.

அது வெறும் மூட்டை ஏத்தின தட்டையான டிரெய்லர். கேரவன்னா ரெண்டு மீட்டர் உயரச் சுவர். ஆண்டிபட்டி பக்கம் காத்தாடி சும்மா நட்டு வைக்கலை. தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிற ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பள்ளத்தாக்குல அடிக்கிற காத்து பைக்கையே ஓரம் தள்ளும். அந்த நேரத்துல ஒரு பஸ் நம்மளை ஓவர்டேக் பண்ணினா, அதுவே முதல் ஆட்டத்தைக் கொடுத்துரும்.

இன்னொரு சின்னக் கணக்கு. முன்பாரம் வேணும்தான், ஆனா நம்ம சின்ன கார் எல்லாம் முன் சக்கர டிரைவ். கொக்கியில 50 கிலோ இறங்கினா, அது பின் ஆக்ஸிலுக்கு 0.9 மீட்டர் பின்னாடி இருக்கு, வீல்பேஸ் 2.4 மீட்டர்னு வச்சா, பின் ஆக்ஸில்ல 69 கிலோ கூடும், முன் ஆக்ஸில்ல 19 கிலோ குறையும். இழுக்கிற சக்கரமே லேசாகுது. மழையில நனைஞ்ச கொண்டை ஊசி வளைவுல நின்னு மறுபடி கிளம்பும்போதுதான் இது தெரியும். சக்கரம் சுத்தும், கிளட்ச் வாடை வரும். போடிமெட்டு ரோட்டுல இப்படி 17 வளைவு. மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதைத்தான் சொல்லுது. ஆனா மேல இருந்து பஸ் பாதி வளைவுக்கு வந்துட்டா நாமதான் ரிவர்ஸ் எடுக்கணும். டிரெய்லரோட ரிவர்ஸ்ல ஸ்டியரிங்கை வலது திருப்பினா டிரெய்லர் இடது போகும். நம்ம ஊர் டிராக்டர் அண்ணன்கள் வாழைத்தார் ஏத்தின டிரெய்லரை ஒரே மூச்சுல சந்துக்குள்ள விடுறதைப் பார்த்திருப்பீங்க. அது வருஷக்கணக்குப் பழக்கம்.

சட்டம் பத்தி சுருக்கமா. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனியா பதிவு பண்ண வேண்டிய வாகனம், இழுக்கிற வண்டியோட நம்பரும் அதுல இருக்கணும். பட்டறையில வெல்டிங் வச்சு செஞ்சு ரோட்டுல இறக்க முடியாது. தயாரிப்பாளர் மாடலைச் சோதனை நிறுவனத்துல காட்டி ஒப்புதல் வாங்கணும். கார் மேனுவல்ல "டிரெய்லர் இழுக்க வேண்டாம்"னு இருந்தா அங்கேயே கதை முடிஞ்சுது. அப்புறம், ஓடும்போது டிரெய்லருக்குள்ள யாரும் படுக்கக் கூடாது. சித்தப்பா முகம் வாடினது இங்கேதான். அப்பத்தா படுத்துக்கிட்டே வருவாங்கன்னு நினைச்சிருந்தார்.

நம்ம நாட்டுல கேரவன்னாலே ஷூட்டிங்ல ஹீரோ உட்கார்ற வண்டிதான் ஞாபகம் வரும். அது எஞ்சினோட வர்ற ஒரே வண்டி. கேரளா 2021-ல கேரவன் டூரிசம் கொள்கை கொண்டு வந்ததும் அந்த மாதிரி வண்டிகளை வச்சுதான், அதுக்கான பார்க்கும் இடுக்கி பக்கம் வாகமன்ல வந்திருக்கு. ஒரே சேசிஸ், அதுக்குன்னே டிசைன் பண்ண பிரேக், கொக்கியும் இல்லை, வாலாட்டமும் இல்லை. மலைக்கு அதுதான் சரி.

டிரெய்லர் ஆசையை சித்தப்பா முழுசா விடலை. சமவெளிக்கு, வைகை அணை வரைக்கும், 50 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள, பிரேக் வச்ச டிரெய்லர்னா யோசிக்கலாம்னு நானும் ஒத்துக்கிட்டேன். 60 லிட்டர் தண்ணி டேங்க் எங்கே வைக்கணும்னு கேட்டார். சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, தரையோட ஒட்டி.

மூணாறுக்கு இப்போதைக்கு வேற திட்டம். காலையில 5 மணிக்குக் கிளம்புறோம், காருக்குள்ள மடக்குற டாய்லெட் சேர் ஒண்ணு, ஒரு சின்ன டென்ட், ரெண்டு தலகாணி. எல்லாம் சேர்த்து 12 கிலோ. அப்பத்தாவுக்கு முன் சீட். "அந்த முட்டை வண்டி வரலையா?"ன்னு கேட்டாங்க. வரலை அப்பத்தான்னேன். "நல்லதாப் போச்சு, எனக்கு ரோட்டைப் பாத்துக்கிட்டு வரணும்"னாங்க.