2 வாரம் மூழ்கினாலும் அழுகாத நெல்! பூம்புகார் கடைமடைக்கு கைகொடுக்குமா?

பூம்புகார்:

மழை பெய்தாலும் கெடுது, பெய்யாவிட்டாலும் கெடுது. பூம்புகார் சுற்றுவட்டார விவசாயிகளின் நிலைமை இப்போது இதுதான்.

2022-ம் ஆண்டு நவம்பர் 11-ந்தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களில் சம்பா பயிர் கண்ணுக்கே தெரியாமல் மூழ்கியது. அடுத்த வருஷம் நேர் எதிர். 2023-ல் மேட்டூர் அணை ஜூன் 12-ந்தேதி திறந்தும், போதிய தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ந்தேதியே மூடப்பட்டது. 2024-ல் திறப்பே ஜூலை 28-ந்தேதிதான்.

காவிரி கடலில் கலக்கிற இடம் பூம்புகார். இதற்கு முன்னால் மேலையூரில் இருப்பதுதான் கடைசி கதவணை. இங்கே தண்ணி வந்து சேரும்போது விவசாயிகள் பூவும் நெல்மணியும் தூவி வரவேற்பது வழக்கம். கல்லணைக்கு சில நாளில் வந்துவிடுகிற தண்ணி, இங்கே வர அதற்கப்புறமும் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளம் மட்டும் கேட்காமலே முதலில் வந்து நிற்கும்!

இந்த நிலையில் விளைச்சலை காப்பாற்ற என்ன வழி? விவரம் வருமாறு:-

மூச்சை அடக்கும் பயிர்

சாதாரண நெல் தண்ணீரில் மூழ்கினால் என்ன செய்யும்? எப்படியாவது தலையை வெளியே நீட்ட வேண்டும் என்று கிடுகிடுவென உயரும். தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்து முழுவதையும் அதிலேயே செலவழித்துவிடும். தண்ணி வடிந்ததும் நிற்க தெம்பு இல்லாமல் சாய்ந்து அழுகிவிடும். அம்புட்டுதான்.

ஒடிசாவில் விவசாயிகள் காலங்காலமாக பயிரிட்ட ஒரு நாட்டு நெல் மட்டும் இப்படி செய்வதில்லை. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு சும்மா இருக்கும். தண்ணி வடிந்தபிறகு மிச்சம் பிடித்த சத்தை வைத்து புது இலை விடும். இதற்கு காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2006-ல் அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் 'சப்-1'.

நம்ம டெல்டாவில் பொன்மணி என்று சொல்கிற சி.ஆர்.1009 ரகத்திலும் இதை ஒட்டுச்சேர்க்கை மூலம் சேர்த்து, சி.ஆர்.1009 சப்-1 என்ற ரகம் வந்துள்ளது. சுமார் 2 வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும்.

சிக்கல் எங்கே?

இதை மந்திர நெல் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பயிர் தூர் கட்டுகிற பருவத்தில் வெள்ளம் வந்தால்தான் இந்த குணம் உதவும். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் இதுவும் பதராகும். மாதக்கணக்கில் தண்ணி நின்றாலும் தாங்காது.

இன்னொன்று, இது சுமார் 155 நாள் வயதுடைய நீண்டகால ரகம். ஆகஸ்டு மாதத்திலேயே விதைத்தாக வேண்டும். மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் கடைமடையில் அதற்கு நாள் இருக்காது. வேறு வழியில்லாமல் குறைந்த நாள் ரகத்தை செப்டம்பர், அக்டோபரில் விதைக்கிறார்கள். அந்த சின்னப்பயிர்தான் நவம்பர் மழையில் மாட்டிக்கொள்கிறது. ஆக, விதை மட்டும் போதாது, தண்ணியும் நேரத்துக்கு வரவேண்டும். குண்டு ரகம் என்பதால் சன்ன ரகத்துக்கான விலையும் இதற்கு கிடைக்காது. இட்லிக்குத்தான் அதிகம் போகிறது.

ஒற்றை நாற்று நடவு (திருந்திய நெல் சாகுபடி) பற்றியும் அதிகாரிகள் சொல்வார்கள். மடகாஸ்கர் தீவில் இருந்து வந்த முறை இது. 14 நாள் நாற்றை குத்துக்கு ஒன்றாக, சதுர நடவு செய்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக தண்ணி விட வேண்டும். ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும், தண்ணியும் மிச்சம். குறுவைக்கு அருமை. ஆனால் பள்ளமான வயலில் சம்பாவுக்கு அந்த பிஞ்சு நாத்தை நட்டு, அடுத்த நாளே மழை அடித்தால் தேடத்தான் வேண்டும்!

உப்புக்கு குழியடிச்சான்

2004-ம் ஆண்டு சுனாமியில் இந்த கடலோர வயல்களில் உப்பு ஏறியது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே வருவது வேறு. உப்பை தாங்கும் குழியடிச்சான் போன்ற பாரம்பரிய ரகங்கள் நாகை கடலோரத்தில் இன்னும் இருக்கின்றன. மகசூல் குறைவுதான், ஆனால் வெறும் நிலமாக போடுவதற்கு அது மேல். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதால் மண்ணும் தேறும், உரச்செலவும் குறையும்.

எல்லாவற்றுக்கும் மேல் வடிகால். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்த வாய்க்காலில் எந்த ரகம் போட்டும் பிரயோஜனம் இல்லை. கடல் சீற்றமாக இருந்தால் உப்பனாறு தண்ணீரை உள்வாங்காது. அப்போது வயலில் நிற்பதுதான் தண்ணி. கோடையிலேயே தூர்வாரினால் உண்டு.

மூழ்கிய பயிருக்கு

தண்ணி வடிந்தவுடன் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஒரு இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும் என்பது வேளாண் துறை பரிந்துரை. தண்ணி நிற்கும்போதே உரம் போட்டால் காசுதான் கரையும்.

சம்பா பயிர் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15-ந்தேதிதான் கடைசி நாள். 2022-ல் 44 செ.மீ. மழை கொட்டியது அதற்கு 4 நாள் முன்பு என்பது குறிப்பிடத்தக்கது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கி பாஸ்புக் நகல் ஆகியவற்றுடன் அக்டோபரிலேயே பொது சேவை மையம் அல்லது கூட்டுறவு சங்கத்தில் பதிவு செய்துவிடலாம்.