பத்து வயதிலே முதுமை!

திருச்சிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் முக்கொம்பு நினைவுக்கு வரும். புளிச்சோற்றுப் பொட்டலத்துடன் மர நிழலில் அமர்வார்கள். எதிரே, காவிரியில் இருந்து கொள்ளிடம் பிரிந்து ஓடும்.

1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்த அணை அது. 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, கொள்ளிடத்தில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன! தாங்கி நின்றது தளர்ந்தால் என்ன ஆகும் என்று ஊரே பார்த்தது.

நம் உடம்புக்குள்ளும் இப்படித் தாங்கி நிற்பது ஒன்று உண்டு.

உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் உள்ளே "உட்கரு" என்ற உருண்டை இருக்கிறது. பரம்பரைக் குணங்கள் எழுதிய ஏடு அதற்குள்தான் உள்ளது. உருண்டை நசுங்காதபடி, உள்பக்கம் வலை போன்ற தாங்கல் ஒன்று உண்டு. "லாமின்" என்ற புரதத்தால் ஆன வலை அது.

வலை கெட்டால்?

"புரோஜீரியா" என்ற நோய் வரும். குழந்தை நன்றாகத்தான் பிறக்கும். ஓரிரு வயதில் வளர்ச்சி குன்றும். முடி கொட்டும். தோல் மெலியும். மூட்டு இறுகும். பத்து வயதிலே கிழத் தோற்றம்! அறிவு மட்டும் மங்காது. மருந்து இல்லாவிட்டால் சுமார் 14 வயதில் இதய நோய் உயிரைக் குடித்துவிடும்.

2009-ல் வந்த "பா" படத்தில் அமிதாப் பச்சன் இந்த நோயுள்ள சிறுவனாக நடித்தார். இசை, நம் இளையராஜா.

ஓர் எழுத்துப் பிழை

அமெரிக்க டாக்டர் லெஸ்லி கார்டனின் மகன் சாமுக்கு இந்த நோய் வந்தது. தாய் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1999-ல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 2003-ல் காரணம் தெரிந்தது. பரம்பரை ஏட்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது!

அந்தப் பிழையால், வெட்டி எறிய வேண்டிய ஒரு கொக்கி லாமினிலேயே தங்கிவிடுகிறது. உட்கரு கோணலாகிறது. பிழை பெரும்பாலும் கருவில் புதிதாக நேர்வது. பெற்றோர் செய்த பாவம் என்று யாரும் பழிக்க வேண்டாம்!

லாமினில் வேறு பிழைகள் நேர்ந்தால் தசையும் இதயமும் கெடும். ஐதராபாத் உயிரணு ஆராய்ச்சி மையத்தில் வீணா பர்னைக் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

புற்றுநோய்க்காகத் தயாரித்த "லோனாபர்னிப்" என்ற மருந்து, கொக்கி மாட்டுவதையே தடுத்தது. 2020 நவம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. நோய் தீராது; ஆயுள் சராசரி இரண்டரை ஆண்டு நீண்டது.

சோதனையில் அதைச் சாப்பிட்டவர்களில் சாமும் ஒருவன். 2014-ல், 17 வயதில் இறந்தான். தாய் ஆராய்ச்சியை விடவில்லை.

2021-ல், அந்த ஓர் எழுத்தையே எலிகளின் உடம்பில் திருத்திப் பார்த்தார்கள். எலிகள் இரண்டு மடங்குக்கு மேல் வாழ்ந்தன!