"பம்ப் போச்சு சார்!" - பழைய கார் நடுவழியில் நின்றால், இந்த 6 சோதனைகளுக்குப் பிறகே பர்ஸைத் திறங்கள்

இரவு ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். கவரைப்பேட்டை தாண்டியதும் கார் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. தச்சூர் கூட்டுச் சாலை வருவதற்குள் இன்ஜின் அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி உயிர் பெறவில்லை. பக்கத்திலேயே கன்டெய்னர் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன.

இப்படி நின்ற காரை இழுத்துக்கொண்டு போனால், பல இடங்களில் முதலில் காதில் விழும் வார்த்தை 'ஃபியூயல் பம்ப் போச்சு சார்' என்பதுதான். சில நேரம் அது உண்மை. பல நேரம் குற்றவாளி ஒரு சின்ன ரிலேவாகவோ, துருப்பிடித்த எர்த் வயராகவோ, அடைத்துக்கொண்ட ஃபில்டராகவோ இருக்கும். புது பம்ப் போட்ட மறுவாரமே கார் அதே இடத்தில் நிற்கும்போதுதான் இது தெரியவரும். அதற்குள் பணம் போய்விட்டிருக்கும்.

திருவள்ளூரில் பிறந்த கார்கள்

கார் என்றாலே ஸ்ரீபெரும்புதூரும் மறைமலைநகரும்தான் நம் நினைவுக்கு வரும். திருவள்ளூரை அடுத்த அதிகத்தூருக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியுடன் கைகோத்து, 1998-ல் லான்சர் காரை இங்கிருந்துதான் கொண்டுவந்தது. பிறகு பஜேரோ, செடியா, அவுட்லேண்டர் எல்லாம் இங்கே உருவாயின. பிற்காலத்தில் சிட்ரோன் கார்களும் இதே ஆலையில் தயாராகின.

அந்த முதல் லான்சர்களுக்கு இன்று கால் நூற்றாண்டைத் தாண்டிய வயது. அதே காலத்து எஸ்டீம், சான்ட்ரோ, ஐகான், பாலியோ கார்களும் இந்த மாவட்டத்துச் சாலைகளில் இன்னும் கண்ணில் படுகின்றன. சிலருக்கு அது ஆசை. பலருக்கு, புதுக் காருக்கு மாதத் தவணை கட்ட முடியாத நிலை. அப்படிப்பட்ட குடும்பத்துக்குத் தேவையில்லாத ஒரு பம்ப் செலவு என்பது அந்த மாத மளிகையில் கை வைப்பது.

பம்ப் செய்யும் வேலை என்ன?

கார்புரேட்டர் காலத்துக் கார்களில் இன்ஜினோடு ஒட்டியிருந்த மெக்கானிக்கல் பம்ப், குறைந்த அழுத்தத்தில் பெட்ரோலை ஏற்றிவிட்டாலே போதும். இன்ஜெக்‌ஷன் கார்களில் கதை வேறு. டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியபடி ஒரு எலெக்ட்ரிக் மோட்டார் ஓடுகிறது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது சுமார் 3 பார் அழுத்தத்தை இடைவிடாமல் தர வேண்டும். சரியான அளவு உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் கார் திணறும்.

இன்னொரு முக்கியமான விஷயம்: இந்த மோட்டாரைக் குளிர்விப்பதும், அதற்கு வழவழப்பு தருவதும் டேங்கில் உள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் காரில் பம்ப் சீக்கிரம் சூடேறி, ஆயுளை இழப்பது இதனால்தான்.

வரிசையாக 6 சோதனைகள்

1. டேங்கில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். பழைய கார்களில் அளவுமானியின் மிதவை தேய்ந்துபோய், காலி டேங்கைக் கால் டேங்க் என்று காட்டும். முதலில் 5 லிட்டர் ஊற்றிப் பாருங்கள்.

2. காதைத் தீட்டுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் கொண்டுவாருங்கள். பல கார்களில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2 விநாடிகளுக்கு 'ஊம்ம்' என்ற சத்தம் வந்து நிற்கும். சத்தம் வந்தால் மோட்டார் சுற்றுகிறது என்று அர்த்தம். ஆனால், போதுமான அழுத்தம் தருகிறது என்று அர்த்தமில்லை. வழக்கமாக வரும் சத்தம் வராவிட்டால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

3. ஃபியூஸ், ரிலே. ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே பெரும்பாலும் படம் இருக்கும். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் மறுபடி எரிந்தால், எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸைப் போட்டுச் சமாளிப்பது தீயை வரவழைக்கும் வேலை. ரிலேவைச் சோதிக்க எளிய வழி, ஹாரன் போன்ற வேறொரு இணைப்பில் இருக்கும் அதே எண்ணுள்ள ரிலேவை மாற்றிச் செருகிப் பார்ப்பது. விபத்து அதிர்ச்சியில் பம்ப்பை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் சில கார்களில் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் அது தட்டிவிடக்கூடும். அதன் பட்டனை அழுத்தினால் கதை முடிந்தது.

4. பம்ப்புக்குக் கரன்ட் முழுதாகப் போகிறதா? பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்க, பம்ப்பில் 10 வோல்ட்தான் வருகிறது என்றால், குறை வயரிங்கிலோ எர்த்திலோ இருக்கிறது. பழவேற்காடு, எண்ணூர் பக்கத்து உப்புக் காற்றில் நிற்கும் கார்களில் கனெக்டர் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

5. பிரஷர் கேஜ். இதுதான் இறுதித் தீர்ப்பு. பெட்ரோல் லைனில் கேஜை இணைத்து, ஐடிலிலும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் முதலில் ஃபில்டரையும், பம்ப்பின் வாயில் இருக்கும் வலை வடிகட்டியையும் சந்தேகப்படுங்கள். இன்ஜினை அணைத்தவுடன் அழுத்தம் மளமளவென்று இறங்கினால், பம்ப்பில் இருக்கும் ஒருவழி வால்வோ, ரெகுலேட்டரோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம். காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகும் கார்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். ரெகுலேட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் கிழிந்துவிட்டது. அதை மாற்றினால் போதும், பம்ப்பைத் தொட வேண்டியதில்லை.

6. பழி வேறு யார் மீதாவது விழ வேண்டுமா? வெயிலில் ஓடி, சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறதா? தேய்ந்த பம்ப் மோட்டார் இப்படிச் செய்யும். கிராங்க் சென்சாரும் அப்படியே செய்யும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஸ்பார்க் இருந்து பெட்ரோல் அழுத்தம் இல்லாவிட்டால் பம்ப் பக்கம் போங்கள். இரண்டுமே இல்லாவிட்டால் சென்சார் பக்கம் திரும்புங்கள். டேஷ்போர்டில் இம்மொபிலைசர் விளக்கு மினுக்கினால், முதலில் சாவியைச் சந்தேகப்படுங்கள்.

டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டியதும் பம்ப் ஓட ஆரம்பித்தால், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள். இந்தத் தட்டும் வேலையை நெடுஞ்சாலை ஓரத்தில் காருக்கு அடியில் படுத்துச் செய்யவே கூடாது.

மாற்றுவதென்றால்...

பம்ப்தான் என்று உறுதியானால், வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தொலைவில் எரியும் ஒரு பொறியைக்கூடத் தேடிப் பிடிக்கும். ஆகவே திறந்தவெளியில், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பிறகே தொடங்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் பம்ப்பின் மூடி தெரியும். சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும். கூலியைப் பேசும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உற்பத்தி நின்றுபோன கார்களுக்கு உதிரிபாகம் தேடுபவர்கள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் போவது வழக்கம். பழைய கதவோ கண்ணாடியோ புதுப்பேட்டையில் வாங்கலாம். பழைய பம்ப் வேண்டாம். எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வேறு காரின் பம்ப் பொருந்தும் என்றால், அழுத்தமும் ஓட்ட அளவும் ஒன்றா என்று பாருங்கள். புது வலை வடிகட்டி, புது ஓ-ரிங், டேங்குக்குள் மூழ்கியிருக்கத் தகுந்த ஹோஸ் ஆகியவற்றையும் சேர்த்தே போடுங்கள். டேங்கில் துருவோ சேறோ இருந்தால் சுத்தம் செய்யாமல் புது பம்ப்பை இறக்காதீர்கள். பழையதைக் கொன்ற அதே அழுக்கு புதியதையும் கொல்லும். கழற்றிய பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்ல பழக்கம்.

எத்தனாலும் மழைநீரும்

2023 பிப்ரவரியில் நாட்டில் இ-20 பெட்ரோல் அறிமுகமானது. இப்போது பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பது அதுதான். எத்தனால் பழைய டேங்கின் படிவுகளைக் கரைத்துக் கிளப்பும், அவை ஃபில்டரில் போய் அடையும். பழைய ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் அது ஊதிப் பெருக்கவோ, வெடிக்கவோ வைக்கலாம். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் தந்தது. மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனால் தண்ணீரையும் ஈர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் மாவட்டம் தத்தளித்ததை மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்தில் நின்ற காரை, டேங்கைச் சோதிக்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது தேங்கினால், டேங்கை முழுதாக வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பங்க்கில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

காசில்லாத காப்பீடு

டேங்கில் எப்போதும் கால் பங்குக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருங்கள். வெளியில் இருக்கும் ஃபில்டரை மேனுவல் சொல்லும் இடைவெளியில் மாற்றுங்கள். மாதக்கணக்கில் காரை நிறுத்திவைக்காமல், வாரம் ஒரு முறையாவது ஒரு சுற்று ஓட்டுங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் 'பழைய வண்டி அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். அன்றே காட்டுங்கள்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் ஹசார்ட் விளக்கைப் போட்டு, காரை இடது ஓரம் ஒதுக்கி, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கி, சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்கவைத்துவிட்டு 1033-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது. மெக்கானிக் வந்து 'பம்ப் போச்சு' என்றால், கோபப்பட வேண்டாம். "பிரஷர் எவ்வளவு காட்டுதுண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். அளந்து பார்த்தவர் எண்ணைச் சொல்வார். அளக்காதவர் கேஜை எடுக்கப் போவார். இரண்டில் எது நடந்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.